படிக்கட்டுக்கு மூடி

அரூரில் பிரெஞ்சு மொழியை வைத்துச் சாப்பிடுகிற ஆள் ஒருத்திதான். பெயர் லூர்துமேரி. எங்கள் பக்கத்து வீடு. அவர்கள் மொட்டை மாடிக்கும் எங்கள் மொட்டை மாடிக்கும் நடுவில் இடுப்பளவுக்கு ஒரு கைப்பிடிச் சுவர், அவ்வளவுதான். அவளைப் பற்றி எழுத எனக்கு அந்தச் சுவரைவிடப் பெரிய தகுதி கிடையாது. நான் கணக்கு டீச்சர். ஊரில் என்னைப் பூவிழி டீச்சர் என்பார்கள்; லூர்து மட்டும் அக்கா என்பாள்.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். டைப் அடிக்கிறாள் என்பார்கள். ஆன்லைனில் சேலை விற்கிறாள் என்று எதிர்வீட்டில் சத்தியமே செய்வார்கள். அவள் மாமியார் பெரியம்மாளைக் கேட்டால், "பிரான்சுக்காரனுக்கு லெட்டர் எழுதித் தருதுங்க" என்பார், எழுதப் படிக்கத் தெரியாத பிரான்சுக்காரர்கள் எல்லாம் அரூர் தபாலாபீஸ் வாசலில் வரிசை கட்டி நிற்கிற மாதிரி. உண்மையில் அவள் ஆங்கிலத்தில் இருப்பதைப் பிரெஞ்சில் எழுதுகிறவள். லிப்டை எப்படிப் பழுது பார்ப்பது, ஏசிக் குழாயை எந்தப் பக்கம் வளைப்பது என்பது மாதிரியான சமாச்சாரங்கள். லிப்டே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு லிப்டு பற்றி எழுதுவதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இல்லை.

பிறந்தது ஏரியூர்ப் பக்கம் ஒரு கிராமம். பத்தாவது முடித்ததும் கன்னியாஸ்திரி ஆகட்டும் என்று புதுச்சேரியில் ஒரு மடத்துக்கு அனுப்பிவைத்தார்கள். மடத்துத் தலைமைச் சகோதரிக்குக் கோபம் வந்தால் பிரெஞ்சில்தான் வருமாம். அந்த அம்மாவுக்குக் கோபம் வராத நாளும் இல்லையாம். என்ன திட்டுகிறார் என்று தெரிந்துகொள்ளவே லூர்து பிரெஞ்சு படித்தாள். வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரி ஆகிற சமயம் வந்தபோது, தனக்கு அழைத்தல் இல்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். பிரெஞ்சும், பொய் சொல்ல வராத ஒரு கெட்ட பழக்கமும் அவள் கூடவே வந்தன.

அப்புறம் கல்லூரியில் அதையே பாடமாகப் படித்து, நான் வேலை பார்க்கிற தனியார் பள்ளியில் பிரெஞ்சு டீச்சராகச் சேர்ந்தாள். பள்ளிக்கூடத்தின் பெயரில் இன்டர்நேஷனல் என்று போட்டுவிட்டார்கள், அதனால் வெளிநாட்டு பாஷை ஒன்றாவது வைத்தாக வேண்டிய கட்டாயம். ஆண்டு விழாவில் பிள்ளைகள் மேடையேறி "போன்ஜூர்" என்றார்கள், பெற்றோர்கள் கண் கலங்கினார்கள். அடுத்த வருடமே நிர்வாகத்துக்கு ஞானம் வந்துவிட்டது: போர்டில் பிரெஞ்சு இருந்தால் போதும், வகுப்பில் எதற்கு? போர்டை அப்படியே விட்டுவிட்டு, லூர்துவை நீதிபோதனைக்கும் பஸ் டூட்டிக்கும் மாற்றினார்கள். அவள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அதற்குள் மதியழகனோடு கல்யாணமும் ஆகியிருந்தது. மதியழகன் மஞ்சள் மண்டியில் சூப்பர்வைசர். நல்ல மனுஷன்தான். வீட்டில் எது கேட்டாலும் "அப்பா சொல்றாருல்ல" என்பது ஒன்றுதான் அவன் பதில்.

அந்த அப்பாவின் பெயர் சென்னப்பன். பெங்களூரில் சென்ட்ரிங் வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்து, சம்பாதித்ததை எல்லாம் அரூரில் ஒரு வீடாகக் கட்டி நிறுத்தியவர். அந்த வீட்டில் அவர் அறியாமல் ஒரு ஆணிகூட இறங்கக்கூடாது. அப்படிப்பட்ட வீட்டில் லூர்துவுக்கு வேலை பார்க்கக் கிடைத்த இடம் ஹெட்ரூம்.

ஹெட்ரூமை நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். படிக்கட்டு மொட்டை மாடியில் போய் முடிகிற இடத்தில் நாலு சுவர் எழுப்பி மேலே ஒரு தளம் போட்டிருப்பார்களே, அதுதான். எங்கள் வீட்டில் அதில் வெங்காயம் இருக்கிறது. சென்னப்பன் வீட்டில் உடைந்த கிரைண்டரும் மிச்சம் விழுந்த டைல்ஸும் லூர்து கிறிஸ்துமஸுக்குக் கட்டுகிற நட்சத்திரமும் இருந்தன. செங்கல் மிஞ்சிப்போனதால் அவர் சுவரைக் கொஞ்சம் இழுத்துக் கட்டியிருந்தார், ஒரு மேசை போடலாம். படி ஏறியதும் ஒரு கதவு, அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. எதிரே மாடிக்குப் போக இன்னொரு கதவு. இரண்டுக்கும் நடுவில் லூர்து.

ஆக, மாடிக்குப் போகிற எவரும் அவள் முதுகுக்குப் பின்னால்தான் போகவேண்டும். பெரியம்மாள் ஈரத்துணி வாளியோடு போவார், மிளகாய் காயவைக்கப் போவார், காக்காய் துரத்தப் போவார். தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்கக் கொழுந்தன் தமிழ்ச்செல்வன் போவான். கேபிள்காரரும் போவார். யாரும் கதவைத் தட்டியது கிடையாது. பிரான்ஸில் லியோன் நகரத்தில் இருக்கிற ஒரு நிறுவனத்தோடு அவள் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, பெரியம்மாள் இரண்டு ஈரப் பாவாடைகளைத் தோளில் போட்டுக்கொண்டு திரையைக் கடந்துபோய், திரும்பி வரும்போது நின்று அந்த வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்து, "சாப்புட்டியா கண்ணு" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் இதை இந்தியக் கலாசாரம் என்று எடுத்துக்கொண்டாள். லூர்துவுக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

வெயில் காலத்தில் அந்த ஹெட்ரூமில் அப்பளத்தை வைத்தால் எண்ணெய் வேண்டாம். ஒரு ஃபேன் போட்டுக் கொடுங்கள் என்று அவள் கேட்கும்போதெல்லாம் சென்னப்பன், "பாக்கலாம்மா" என்பார். நானும் கேட்டுப் பார்த்தேன். எனக்கும் பாக்கலாம்தான் கிடைத்தது.

இந்த நிலைமையில்தான் லியோனில் இருந்து அந்த வேலை வந்தது. அமெரிக்காவில் ஏதோ ஒரு நகரத்தின் கட்டட விதிகள். அவற்றைப் பிரெஞ்சில் தரவேண்டும். சரியாகச் செய்துவிட்டால் இனிமேல் கட்டட சம்பந்தமான வேலை முழுவதும் அவளுக்கே, நிரந்தரமாக. லூர்து சுவர் ஓரம் ஓடி வந்து இதைச் சொன்னபோது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"அக்கா, இது மட்டும் அமைஞ்சுதுன்னா நானும் வேலைக்குப் போறவதான்னு இவங்க ஒத்துக்கிட்டே ஆவணும்."

வேலையில் ஒரு சொல் மட்டும் இடித்தது. ஸ்டேர் பல்க்ஹெட். கட்டடத்தின் உயரத்தை அளக்கும்போது ஸ்டேர் பல்க்ஹெட்டைச் சேர்க்கக்கூடாது என்று விதி சொல்கிறது. ஆனால் அது என்ன பொருள் என்று இவளுக்கு வந்த பக்கங்களில் எங்கேயும் இல்லை. கம்ப்யூட்டர் முந்திக்கொண்டு அதைக் கப்பலின் உட்சுவர் என்று மொழிபெயர்த்து வைத்திருந்தது. கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தால் தடுக்குமே, அந்தச் சுவர். அமெரிக்காக்காரன் வீட்டு மாடியில் கப்பல் எதற்கு வந்தது என்று கம்ப்யூட்டர் கவலைப்படவில்லை.

லியோன் பெண்ணிடம் கேட்டாள். "உங்கள் நிபுணத்துவத்தில் எங்களுக்கு முழு நம்பிக்கை உண்டு" என்று பதில் வந்தது, கூடவே ஒரு சிரித்த முகமும். தெரியாது என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல எங்கள் பள்ளி நிர்வாகத்துக்குக்கூட வராது.

பிறகு மொழிபெயர்ப்பாளர்கள் கூடுகிற ஒரு வலைத்தளத்தில் கேட்டாள். ஒருவர் காலை ஒருவர் வாரிவிடுவதற்கென்றே உலகத்து மொழிபெயர்ப்பாளர்கள் சேர்ந்து நடத்துகிற இடம் அது என்பது என் எண்ணம். மார்செய் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர், கப்பல் சுவரேதான், தனக்குச் சந்தேகமே இல்லை என்றார். கனடாவின் கியூபெக்கில் இருந்து ஒரு அம்மா, அது பாதாள அறைக்கு இறங்குகிற சாய்வுக் கதவு என்று சொல்லித் தன் வீட்டுக் கதவைப் போட்டோ எடுத்துப் போட்டார். அது தரைக்குக் கீழே அல்லவா இருக்கிறது, எனக்குக் கூரைக்கு மேலே வேண்டும் என்று லூர்து எழுதினாள். பாரிஸில் இருந்து ஒரு பேராசிரியர், கேள்வி கேட்ட முறையே தவறு என்றார். ஒவ்வொருவரும் குத்திவிட்டு, கடைசியில் "அன்புடன்" என்று கையெழுத்துப் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் மார்செய்க்காரரும் கியூபெக் அம்மாவும் யாருடைய பிரெஞ்சு அசல் பிரெஞ்சு என்ற சண்டையில் இறங்கிவிட்டார்கள். லூர்துவின் சொல் நடுத்தெருவில் நின்றது. ஓட்டெடுப்பில் கப்பல் ஜெயித்தது.

"தெரியாதத எக்ஸுன்னு வெச்சுக்கிட்டு மேல போயேன் லூர்து" என்றேன் நான். கணக்கில் நாங்கள் அப்படித்தான் பிழைக்கிறோம்.

"நான் பாக்காத ஒண்ண எப்படிக்கா எழுதுவேன்? அது நின்னுக்கிட்டிருக்கா படுத்துக்கிட்டிருக்கான்னே தெரியல" என்றாள்.

அந்த வாரம்தான் பச்சியப்பனும் வந்து சேர்ந்தார். பச்சியப்பன் ஒரு காலத்தில் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டில் நடந்து நீரோட்டம் சொன்னவர். ஆயிரம் அடி போட்டும் போர்க்குழாயில் புகைதான் வருகிறது என்று நாலு விவசாயிகள் வீட்டுக்கே தேடி வந்ததும், வாஸ்துவுக்கு மாறிவிட்டார். வாஸ்துவில் தண்ணீர் வருகிறதா வரவில்லையா என்று எவனும் எட்டிப் பார்க்க முடியாது அல்லவா?

அவரைக் கூட்டி வந்தது தமிழ்ச்செல்வனுக்காக. மூன்று வருடமாகப் பெண் பார்க்கிறார்கள், அமையவில்லை. வருகிற பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்று இவன் பார்த்த இடத்தில் எல்லாம் சொல்லி வைத்ததுதான் காரணம் என்பது தெருவுக்கே தெரியும். பச்சியப்பனுக்கு மட்டும் அது ஈசானிய மூலையில் தெரிந்தது. மாடிக்கு வந்தார், திசைகாட்டியை ஒரு சுற்று சுற்றினார், ஹெட்ரூமைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஈசானியத்துல பாரத்த ஏத்தி வெச்சிருக்கீங்களே! எறக்குங்க இத. இடிச்சுட்டு ஒரு தகரத்தப் போட்டு வுட்டுருங்க. தை பொறந்தா பொண்ணு தானா நடந்து வரும்."

உள்ளே மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த லூர்துவும் அந்தப் பாரத்தில் சேர்த்திதான். இடித்துவிட்டால் அவள் எங்கே போவாள்? கீழே இருக்கிற இரண்டு அறையில் ஒன்றில் சென்னப்பனின் டிவி, இன்னொன்றில் எல்லோருமே. அன்று மத்தியானம் அவள் மாமனாரிடம் போய் நின்றாள். நான் கேசரிக்கு ரவை வாங்க வந்த சாக்கில் சமையலறை வாசலில் நின்றேன்.

"மாமா, எனக்கு இருக்கறது அந்த ஒரு ரூமுங்க. அதையும் இடிச்சுட்டா நான் எங்க உக்காந்து வேல பாக்கறது?"

சென்னப்பனுக்கு வந்ததே கோபம். "ரூமா? எதும்மா ரூமு? படியில மழத்தண்ணி எறங்காம இருக்க மேல ஒரு மூடி போட்டேன். அவ்வளவுதான். பிளான் போடறப்பவே அத மாடிக் கணக்குல சேக்கல, தெரியுமா? ஆளு இருக்கறதுக்குன்னு கட்டுன எடமே இல்ல அது. படிக்கட்டுக்கு மூடி. அதப் போயி ரூமுங்கற!"

அழுவாள் என்று நினைத்தேன். அவளோ அவரையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படியேறி ஓடினாள். எனக்குப் பயமாகிவிட்டது, ரவையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். மேலே போய்ப் பார்த்தால் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறாள்.

அந்த அமெரிக்க நகரத்து விதிகளின் வேறொரு அத்தியாயத்தைத் தேடிப் பிடித்துவிட்டாள். சொற்களுக்கு விளக்கம் தருகிற அத்தியாயம். கூரைக்கு மேலே எழும்பி, படிக்கட்டை மூடி நிற்கிற கட்டுமானம். மாடிக் கணக்கில் சேராது. மாமனார் சமையலறைக்குக் கேட்கிற மாதிரி கத்தியது அத்தனையும் ஆங்கிலத்தில் அப்படியே இருந்தது. இத்தனை நாளாக மார்செய்க்காரரையும் பாரிஸ் பேராசிரியரையும் கேட்டு அலைந்த பொருளுக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டேதான் அவள் கேட்டிருக்கிறாள். பிரெஞ்சுச் சொல்லும் உடனே வந்துவிட்டது: எதிக்யூல். கட்டடத்தின் மேல் உட்கார்ந்திருக்கிற குட்டிக் கட்டடம்.

"அக்கா! நம்ம ஹெட்ரூமு! ஹெட்ரூமுக்கா இது!" என்று சுவரைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

அப்புறம் விளக்கத்தின் கடைசி வரியைப் படித்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. மனிதர் இருப்பதற்காக அமைக்கப்படாததும், மனிதர் இருப்பதற்காகப் பயன்படுத்தப்படாததுமான இடம் என்று அதில் இருந்தது. அதையும் அவள்தான் பிரெஞ்சில் எழுத வேண்டும். எழுதினாள். வியர்வை வழிந்து கண்ணில் இறங்க, துண்டால் துடைத்துத் துடைத்து, இங்கே மனிதர் இருப்பதில்லை என்று சுத்தமான பிரெஞ்சில் எழுதி அனுப்பினாள்.

ஆனால் லூர்து லேசுப்பட்டவள் இல்லை. மறுநாள் அந்த ஆங்கில விளக்கத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிய எழுத்தில் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு, பச்சியப்பன் வந்திருந்த நேரம் பார்த்து மாமனார் முன்னால் வைத்தாள்.

"மாமா, நீங்க சொன்னதுதானுங்க சரி. இது ரூமே இல்ல. அமெரிக்காவுல சட்டமே போட்டிருக்காங்க. மாடிக் கணக்குல வராது, கட்டட உயரத்துல வராது, ஆளு இருக்கற எடத்துல வராது. கணக்குலயே வராத ஒண்ணு ஈசானியத்துல மட்டும் எப்படிங்க பாரமாவும்?"

பச்சியப்பன் காகிதத்தை வாங்கித் தலைகீழாகப் பார்த்தார், நேராகத் திருப்பிப் பார்த்தார். அமெரிக்கா என்ற சொல் அவர் முகத்தில் வேலை செய்தது. ஆர்க்கிடெக்டு எல்லாம் பார்த்துப் போட்ட சட்டமா என்று கேட்டார். ஆமாம் என்றாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டுவிட்டு, மூடிக்குத் தோஷம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். ஆனால் சும்மா விடுவாரா? இது மூடிதான், ரூம் இல்லை என்பது ஈசானியத்துக்குத் தெரியவேண்டும் அல்லவா? அதனால் அந்தக் காகிதத்துக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, படி ஏறியதும் கண்ணில் படுகிற மாதிரி கதவில் ஒட்டச் சொன்னார். சென்னப்பன் தன் கையாலேயே பசை தடவி ஒட்டினார். பெரியம்மாள் சூடம் காட்டினார். அமெரிக்காவின் கட்டட விதிக்குச் சூடம் காட்டிய வீடு உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஹெட்ரூம் தப்பித்தது. லூர்து தப்பித்தாளா என்பதுதான் கேள்வி. அன்று முதல் எதற்கும் அந்தக் காகிதத்தைக் காட்டினார்கள். ஃபேன் கேட்டால், "மூடிக்கு எதுக்கும்மா ஃபேனு?" கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டால், "ஆளே இல்லாத எடத்துக்குத் தாப்பா எதுக்கு?" பெரியம்மாள் பழையபடி ஈரத்துணியோடு குறுக்கே நடந்தார். இப்போது சட்டமும் அவர் பக்கம்.

லியோனில் இருந்து பாராட்டு வந்தது. அதே பக்கங்களை வேறு சிலருக்கும் கொடுத்துப் பார்த்தார்களாம்; மற்ற எல்லோரும் கப்பலை ஏற்றிவிட்டிருக்க, எதிக்யூல் என்று எழுதிய ஒரே ஆள் இவள்தானாம். வேலை நிரந்தரம். ஆனால் ஒரு நிபந்தனை. இனி வருகிறவை எல்லாம் ரகசியமான வரைபடங்கள், அதனால் வேலை பார்ப்பதற்கென்று தனி அறையும் பூட்டக்கூடிய கதவும் இருக்கிறதா என்று எழுதித் தரவேண்டும். ஆம் என்றால் வேலை, இல்லை என்றால் மன்னிக்கவும். திங்கட்கிழமைக்குள் பதில்.

"ஆமான்னு தட்டிவிட்டுட்டுப் போயேன். யாரு வந்து பாக்கப் போறா?" என்றேன்.

"என் கையாலயே இது ரூமில்லன்னு எழுதி அனுப்பியிருக்கேன்க்கா. இப்ப ரூமுன்னு எப்படிப் பொய் எழுதுவேன்?" என்றாள்.

மாமனாரைக் கேட்டாள். ஒரு தாழ்ப்பாள், ஒரு பூட்டு, வாய் திறந்து "ரூம்" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டும். சென்னப்பன் பதறிவிட்டார். ரூம் என்று வாயால் சொன்னாலே தோஷம் திரும்ப வந்துவிடும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வருகிற சமயத்திலா என்றார். மதியழகனைக் கேட்டாள். அவன் என்ன சொல்லியிருப்பான் என்று உங்களுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெண்ணின் பெயர் வெண்மதி, தர்மபுரிக்காரி. பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் வேலை, வீட்டில் இருந்தபடியே பார்ப்பது. வேலையை விடச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன தமிழ்ச்செல்வன், சம்பளத்தைக் கேட்டதும் தன் கொள்கையைத் தளர்த்திக்கொண்டிருந்தான். இந்தக் காலத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண்ணும் கூடவே வந்துவிடுகிறாள், நல்லதுதான். நானும் லூர்துவும் கேசரி எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம்.

வெண்மதி நேராகவே கேட்டாள். "எனக்குப் பகல் பூரா மீட்டிங் இருக்குமுங்க. கதவச் சாத்திக்கிட்டு உக்கார்ற மாதிரி ஒரு ரூம் வேணும். இங்க இருக்குங்களா?"

கீழே இருக்கிற இரண்டு அறையையும் அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். சென்னப்பன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"மேல தனி ரூமே இருக்குதும்மா. நல்ல காத்தோட்டம். ஏசி வேணும்னாலும் போட்டுக்கலாம்."

லூர்துவின் கையில் கேசரிக் கரண்டி அப்படியே நின்றது. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கு அந்தக் கேசரிச் சட்டியைச் சென்னப்பன் தலையில் கவிழ்க்க வேண்டும் போல இருந்தது. வருஷக்கணக்காக ஒரு ஃபேனுக்கு நடந்தவள் பக்கத்திலேயே நிற்கிறாள், நேற்று முளைத்த வரனுக்கு ஏசியாம்.

பெண் வீட்டார் மேலே பார்க்கலாம் என்று எழுந்தார்கள். சென்னப்பன் முன்னால் போனார், வெண்மதியும் அவள் அப்பாவும் பின்னால், அதற்குப் பின்னால் நாங்கள். படி ஏறியதும் கதவு. கதவில் மஞ்சளும் குங்குமமுமாக அமெரிக்கா. ஒட்டிய மனுஷன் அதை மறந்தே போயிருந்தார்.

வெண்மதி நின்று அதை முழுவதும் படித்தாள். படித்துவிட்டுக் கதவைத் தள்ளினாள். உள்ளே மேசை, திறந்திருந்த லேப்டாப், தண்ணீர் பாட்டில், நாற்காலி முதுகில் வியர்வை துடைக்கிற துண்டு, மூலையில் உடைந்த கிரைண்டர். திரும்பிச் சென்னப்பனைப் பார்த்தாள்.

"இங்க மனுசங்க யாரும் இருக்கக்கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்குதுங்க. அப்ப இங்க உக்காந்து வேல பாக்கறது யாருங்க?"

"அது... நம்ம பெரிய மருமகம்மா."

"அவங்க மனுசங்க இல்லீங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை அந்தப் பெண். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நாளைக்குத் தானும் வந்து உட்காரப்போகிற இடம் இல்லையா? மதியழகன் வழக்கம்போல அப்பா ஏதாவது சொல்வார் என்று அவரைப் பார்த்தான். அப்பா காகிதத்தின் ஓரத்து மஞ்சளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

லூர்துதான் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்களே சொல்லுங்க மாமா. இது ரூமா, மூடியா? நான் நாளைக்கு எழுதி அனுப்பணும்."

சென்னப்பன் அவளைப் பார்த்தார், கதவில் இருந்த காகிதத்தைப் பார்த்தார், பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். எதிர்க் கதவு வழியாகப் பக்கத்து மாடியில் எங்கள் வீட்டு வெங்காய ஹெட்ரூமைக்கூட ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ரூமுதாம்மா" என்றார்.

"பூட்டுங்க?"

"நாளைக்கே போட்டுரலாம்."

அவள் அங்கேயே, எல்லோரும் நிற்க, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். லியோன்காரர்களின் படிவத்தைத் திறந்து, தனி அறை உண்டா என்ற இடத்தில் ஆம் என்று தட்டினாள். பூட்டுக்கு நேராக நாளை முதல் என்று எழுதினாள், அங்கேயும் பொய் கூடாதாம். எனக்கு அழுகை வந்துவிட்டது, மிளகாய்க் காற்று என்று சொல்லி வைத்தேன்.

சென்னப்பன் அவளுக்காக அதைச் சொல்லவில்லை. வெண்மதி கொண்டுவரப்போகிற சம்பளத்துக்காகச் சொன்னார். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாதபடி பிரான்ஸுக்கு அனுப்பிவிட்டாள், அவ்வளவுதான். வெண்மதி உள்ளே வந்து சுவருக்குச் சுவர் பார்த்துவிட்டு, "அக்கா, ரெண்டு டேபிள் போட எடம் பத்துங்களா?" என்று கேட்டாள். கிரைண்டரை எடுத்துவிட்டால் பத்தும் என்றாள் லூர்து. கல்யாணம் தையில் முடிவானது. அந்தக் காகிதத்தின் பலன்தான் என்று பச்சியப்பன் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

மறுநாள் பூட்டும் வந்தது, ஃபேனும் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை நான் எங்கள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். லூர்து வீட்டு மாடிக்கதவு திறந்திருந்தது. உள்ளே அவள் தட்டச்சு செய்கிற சத்தமும் புது ஃபேனின் சத்தமும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் படியில் யாரோ மூச்சு வாங்க ஏறி வந்து, வாளியைக் கீழே வைக்கிற சத்தம் வந்தது.

அதற்கப்புறம் கதவை மெதுவாகத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"வாங்க அத்தை" என்றாள் லூர்து.